மீனம்பாக்கம் மாடியில் நாற்பத்திரண்டு பேர்

சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, கேன்டீனில் கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஏரோப்ளேன் பார்க்க வேண்டும் என்று கை தூக்கினார்கள். எழுபதுகளின் பின்பாதி அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று குறித்துக்கொள்வதுதான் வேலை. வருடத்துக்கு ஒருமுறை தொழிலாளிகளைக் குடும்பத்தோடு எங்காவது கூட்டிப் போவது ஆலையில் வழக்கம். அந்த வருடம் ஏற்பாடெல்லாம் என் தலையில் விழுந்தது. விழ வைத்தவர் கிரேன் ஓட்டும் ஏகாம்பரம்.

"சார் ஒண்டி ஆளு. ஞாயித்துக்கெழம ரூம்ல சொம்மாதான் குந்திக்கினு கீறாரு. அவரே முன்னாடி போய் எடத்தெல்லாம் பாத்துட்டு வரட்டும்" என்றார்.

பூண்டி ஏரி, திருத்தணி மலை என்று நான் சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் பார்த்த இடங்கள். கேன்டீனில் சமைக்கும் பச்சையம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏரோப்ளான் மேல போவசொல்ல தெனமும் பாத்துக்கினுதான் கீறேன் சார். அது தரையில நிக்கசொல்ல ஒருவாட்டி பாக்கணும்." அதற்கு மேல் பேச்சில்லை. காலையில் பழவேற்காடு, சாயங்காலம் மீனம்பாக்கம் என்று முடிவானது. கை தூக்காத சிலரில் நானும் ஒருவன்.

காரணம் ஆலையில் யாருக்கும் தெரியாது. என் மனைவி கோவில்பட்டியில் அவள் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் லீலா குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். இரண்டு வருட ஒப்பந்தம் என்று போனவள். அப்போது மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. பெண்டாட்டியை வெளிநாட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு இவன் இங்கே இருக்கிறான் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பொய்.

இன்னொரு பொய் அதைவிடப் பெரியது. லீலா புறப்பட்ட அன்று, கூட வேலை பார்த்து, கூடவே குவைத் கிளம்பிய இரண்டு நர்ஸுகளோடு ஹாஸ்டலில் இருந்து டாக்சியில் போவது என்றும், நான் ஆலையிலிருந்து நேராக மீனம்பாக்கம் வந்துவிடுவது என்றும் பேசியிருந்தோம். அடுத்த ஷிஃப்ட் ஆள் வரவில்லை. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம், நான் கேட்கவில்லை. விமானமும் பஸ் மாதிரி கொஞ்சம் முன்னே பின்னேதான் கிளம்பும் என்று ஒரு நினைப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது, குவைத் போக முதலில் ஏற வேண்டிய பம்பாய் விமானம் கிளம்பி அரை மணி ஆகியிருந்தது.

குவைத்திலிருந்து வந்த முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள்: "ஏறும்போது மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். வந்தீர்களா?" நான் பதில் எழுதினேன்: "வந்திருந்தேன். மாடியில் ஒரே கூட்டம். கையை ஆட்டினேன். அவ்வளவு தூரத்திலிருந்து உனக்குத் தெரிந்திருக்காது."

அதைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. வாரம் ஒன்றாக, நான்கு பக்கமாக வந்த கடிதங்கள் மாதம் ஒன்றாகி, கடைசியில் ஒரு பக்கம் ஆகிவிட்டன. சுகம், சுகமறிய ஆவல், வெயில் அதிகம். அவ்வளவுதான் இருக்கும்.

முதலில் பழவேற்காட்டைப் பார்த்துவரப் போனேன். பொன்னேரியில் ஏறிய பஸ் பாதி வழியில் பஞ்சரானது. இரண்டு பக்கமும் உப்பு பூத்த தரை. எங்கள் ஊர்ப் பக்கம் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும். இங்கே மண் வெளுத்துக் கிடந்தது. பக்கத்து சீட்டில் வந்த மீன்காரம்மா வெற்றுக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். "டயர் மாத்துறதுக்குள்ள நடந்தே போயிடலாம் நைனா" என்றார். நானும் பின்னாலேயே நடந்தேன். ஊர் வரும்வரை அவர் தன் மருமகனின் குடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் பயப்படுமா என்று யோசித்துக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். உள்ளே கல் பலகைகளில் என்னால் வாசிக்க முடியாத எழுத்து. ஒவ்வொருவரும் எத்தனை தூரம் வந்து இங்கே படுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு ஆடுகள் கல்லறைகளுக்கு நடுவே மேய்ந்துகொண்டிருந்தன. பார்க்க வந்தவன் நான் ஒருவன்தான்.

படகுத்துறையில் கன்னியப்பன் என்பவர் படகு. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் எடுப்பேன் என்றார். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். யாரும் வரவில்லை.

"குந்து சார், போலாம். ஆனா ஒத்த ஆளுக்குப் படவு சாயும்" என்றவர், எனக்கு எதிர்ப்புறம் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைத்தார். ஏரி நெடுக அந்த மூட்டையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தேன்.

கடல் மாதிரி விரிந்த தண்ணீர். ஆனால் கரையிலிருந்து வெகுதூரத்தில், ஏரி நடுவே, ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய ஏரிக்கு இவ்வளவுதானா ஆழம் என்று கேட்டேன்.

"ஆழம் இல்லாங்காட்டிதான் நாங்க பொழைக்கிறோம்" என்றார் கன்னியப்பன். பூநாரைகள் வெகு தொலைவில் ஒரு ரோஜா நிறக் கோடாகத் தெரிந்தன. கிட்டே போனால் பறந்துவிடும் என்றார்.

கரைக்கு வந்ததும், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவர் வீட்டில் மடவை மீன் குழம்பும் சோறும். அவர் மனைவி இரண்டாம் தடவை குழம்பு ஊற்றும்போது, "ஊட்ல அக்கா வரலியா சார்?" என்று கேட்டார். கோவில்பட்டி என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். வாயில் முள் சிக்கிவிட்டது. அதை எடுப்பதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீனம்பாக்கம் போனேன். ரயிலடியிலிருந்து நடக்கும்போதே கால் பின்வாங்கியது. ரோட்டோரக் கடையில் ஒரு டீ, ஒரு பன். அது தீர்ந்தபின் இன்னொரு டீ. "பிளேன் ஏறப் போறீங்களா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். பார்க்க வந்தேன் என்றேன். "பாக்க வர்றவங்கதான் இங்க ஜாஸ்தி" என்றார்.

பார்வையாளர் மாடிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு படியேறினேன். லீலா போன அன்று நான் இந்தப் படியில் ஏறவேயில்லை. கீழே ஒரு போர்ட்டர், கிளம்பிவிட்டது என்று சொன்னதும் திரும்பிவிட்டேன்.

மாடி சின்னது. கம்பி வேலி போட்ட நீளமான ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். அன்று பத்துப் பேர் நின்றிருப்பார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு தெலுங்குத் தம்பதி. "கைக்குட்டையை ஆட்டு, வெள்ளையாக இருந்தால் தெரியும்" என்று கணவர் தெலுங்கில் சொன்னார். "எதற்கு? முகமே தெரிகிறதே" என்றாள் மனைவி.

எனக்கும் தெரிந்தது. கீழே பயணிகள் வரிசையாக நடந்து போனார்கள். ஒருவரின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. ஒரு பெண்ணின் தோளில் தூங்கும் குழந்தையின் காலில் ஒற்றைச் சாக்ஸ் மட்டும் இருப்பது தெரிந்தது. ஏணியில் ஏறியவர்கள் திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்பதுகூடத் தெரிந்தது. இங்கிருந்து அவ்வளவு தெரியும் என்றால், அங்கிருந்தும் தெரியும்.

லீலா மூன்று தடவை திரும்பிப் பார்த்திருக்கிறாள். இங்கே நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்திருப்பாள். அதற்குப் பிறகுதான் என் கடிதம் அவளுக்குப் போயிருக்கிறது.

விமானம் போனபின் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். தரை கூட்டுகிறவர் வந்து, "அடுத்தது நாலரைக்குத்தான்" என்றார். கம்பியைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்து, மாடியில் எத்தனை பேர் நிற்கலாம், கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

சுற்றுலா நாளன்று விடியும் முன்பே பச்சையம்மா புளிசோறும் அவித்த முட்டையும் கட்டி முடித்திருந்தார். பஸ்ஸில் மூட்டை முடிச்சோடு நாற்பத்திரண்டு பேர். இரண்டு இரண்டாக உட்கார்ந்ததில் டிரைவருக்குப் பக்கத்து ஒற்றை சீட் எனக்கு. பழவேற்காட்டில் எலும்புக்கூட்டைப் பார்த்து எந்தப் பிள்ளையும் பயப்படவில்லை. ஒரு பெண்பிள்ளை அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கன்னியப்பன் படகு நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு நான்கு தடவை போய்வந்தார். நான் கரையில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குப் புறப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஏகாம்பரமும் இன்னும் சிலரும் நண்டு வாங்கப் போய்த் தாமதமாக வந்தார்கள். ஒன்று ஐந்துக்குக் கிளம்பினோம். காரனோடைப் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. டிரைவர் ஓரங்கட்டினார்.

"ரேடியேட்டர் சூடாயிடுச்சி. கொஞ்சம் ஆறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"அத்த நான் எப்டி சொல்றது நைனா. இப்போ தொட்டா கை வெந்துடும்."

பம்பாய் விமானம் நாலரைக்கு. வண்டியைப் பார்த்து எடுத்து வரத் தெரியாதா, மனிதர்கள் நேரத்தை நம்பித்தானே வருகிறார்கள் என்று டிரைவரிடம் கத்தினேன். ஆலையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டன. டிரைவர் கோபப்படவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

பச்சையம்மாதான் முதலில் இறங்கினார். புளிசோற்றுப் பொட்டலங்கள் இருந்த அண்டாவைக் காலிசெய்து எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கியவரைப் பார்த்து மற்றவர்களும் குடம், தூக்கு என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் வந்தது. ரேடியேட்டர் ஆறி, நிரப்பி, வண்டி கிளம்ப இருபது நிமிடம். பச்சையம்மா ஈரப் புடவையோடு என் சீட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அந்த ப்ளான்ல யார்னா போறாங்களா சார், உனக்கு வேண்டியவங்க?"

"இல்லை."

"அப்பால இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு படற?"

நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். செங்குன்றம் போனது. ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மீனம்பாக்கம் வந்தபோது நாலு இருபது.

எல்லாரும் படியில் ஓடினார்கள். ஆலையின் உலை வெப்பத்தில் வருடக்கணக்காக நின்றவர்கள், பழைய இரும்பு சுமக்கும் பெண்கள், சட்டை முழுக்க நண்டு வாடை அடிக்கும் ஏகாம்பரம், எல்லாரும் கம்பி ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். மாடி நிறைந்துவிட்டது. எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான் அங்கே இருந்தார்கள்.

விமானம் கீழே நின்றுகொண்டிருந்தது. பச்சையம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தார். "மேல போவசொல்ல கொக்கு மாறி இருக்குது. இங்க பாத்தா நம்ம மில்லு கணக்கா கீது" என்றார்.

பயணிகள் நடந்து வர ஆரம்பித்தார்கள். சிலர் திரும்பி மாடியைப் பார்த்துத் தங்கள் ஆட்களுக்குக் கைகாட்டினார்கள். கடைசியில் ஒரு வாலிபன் வந்தான். புது ஷூ, கயிறு கட்டிய அட்டைப் பெட்டி. நாலு அடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தான். மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவன் கண் போனது. மறுபடி நடந்தான். மறுபடி நின்றான்.

"யாரையோ தேடுது பாரு அந்தப் புள்ள" என்றார் பச்சையம்மா.

"வர்றேன்னு சொன்னவங்க வரல போலகீது" என்றார் ஏகாம்பரம்.

பச்சையம்மா கையைத் தூக்கி ஆட்டினார். "ராசா, போய்ட்டு வா" என்றார், பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதுபோல. அவர் ஆட்டியதைப் பார்த்து அவர் பக்கத்தில் இருந்தவர்கள் ஆட்டினார்கள். பிறகு மாடி முழுக்க எண்பது கை. அந்த வாலிபனுக்கு முதலில் புரியவில்லை. தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். யாரும் இல்லை. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். ஒரு சிப்பந்தி வந்து தோளைத் தொட்டு நகரச் சொல்லும்வரை ஆட்டிக்கொண்டிருந்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

நான் கை தூக்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விமானம் போனபின் பிள்ளைகள் வெளியே புல்தரையில் விளையாடின. மிச்சமிருந்த புளிசோற்றைப் பிரித்தார்கள். பச்சையம்மா ஒரு இலையில் எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். நான் சொல்லிவிட்டேன். கோவில்பட்டி இல்லை, குவைத் என்றேன். போன அன்று நான் வரவில்லை என்றேன். வந்ததாக எழுதியதையும் சொன்னேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு உன்ன கேக்கலியா?"

"ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை."

"தெரிஞ்சிக்கினு இருக்கும் சார். கேட்டா நீ இன்னொன்னு சொல்லுவ, அத்தையும் எதுக்குக் கேக்கணும்னு உட்டிருக்கும்." இலையைப் பார்த்தார். "மொதல்ல சாப்டு. அப்பால ஊட்டுக்குப் போய் உள்ளத எழுதிப் போடு."

எழுதினேன். ஷிஃப்ட் ஆள் வராததை எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். நான் வரவில்லை, வந்ததாகப் பொய் சொன்னேன், இத்தனை நாள் அதைச் சொல்லத் துணிச்சல் இல்லை என்று மட்டும் எழுதினேன். போஸ்ட் செய்தபின் ஒரு மாதம் பதில் இல்லை. தபால்காரர் தொழிற்பேட்டை வாசலுக்கு வரும் நேரம் எனக்குப் பழகிவிட்டது. அவர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே இல்லை என்று தலையசைத்துவிடுவார்.

பதில் வந்தபோது நான்கு பக்கம் இருந்தது. அன்று நான் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும், மாடியில் ஏழெட்டுப் பேர்தான் நின்றிருந்தார்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். பம்பாய் போய்ச் சேரும்வரை அழுததையும், கூட வந்த நர்ஸ் தன் தோசைப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி கொடுத்ததையும், குவைத்தில் முதல் இரவு காற்றில் மணல் அடித்த சத்தத்தையும் எழுதியிருந்தாள். "இதையெல்லாம் அன்றே எழுதியிருப்பேன். எழுதினால் நீங்கள் சொன்ன பொய்யையும் எழுத வேண்டியிருக்கும். அதனால் வெயிலைப் பற்றி எழுதினேன்."

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தாள். கடைசியில், வரும்போது யாரும் எதிர்கொண்டு அழைக்க வர வேண்டாம், அங்கே நின்று மறுபடி முகங்களைத் தேடிப் பார்க்கத் தன்னால் முடியாது, தானே வந்துவிடுவேன், தான் போனபின் நான் குடியேறிய புதுவாயல் அறையைப் பார்த்ததில்லை, அதற்கு வழி மட்டும் எழுதவும் என்று இருந்தது.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தேன். பாசஞ்சர் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. தபால் ஆபீசுக்குப் போய் வெளிநாட்டுக்கு எழுதும் ஏரோகிராம் தாள் ஒன்று வாங்கினேன். அங்கேயே நின்று எழுதத் தொடங்கினேன்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து டாக்சிக்காரர்களிடம் பேச்சுக் கொடுக்காதே. ரோட்டைத் தாண்டினால் ரயில் நிலையம். பீச் வரைக்கும் சீட்டு வாங்கு. பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று பிளாட்பாரத்தில் கேட்டுக்கொள். பீச்சில் இறங்கி பிராட்வே பஸ் நிலையத்துக்கு நடக்கலாம், பெட்டி கனமாக இருந்தால் ரிக்‌ஷா வைத்துக்கொள். கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் வலது பக்கம் உட்கார், மத்தியானத்தில் இடது பக்கம் வெயில் அடிக்காது என்று சொல்வார்கள், நம்பாதே. காரனோடையில் ஆறு வரும். அது தாண்டியதும் கண்டக்டரிடம் புதுவாயல் என்று சொல்லிவை, சொல்லாவிட்டால் நிற்காமல் போய்விடுவார்கள். இறங்கிய இடத்தில் ஒரு சைக்கிள் கடை இருக்கும். அதற்கு மேல் மாடி. சாவி கடைக்காரரிடம் இருக்கும், பெயரைச் சொன்னால் கொடுப்பார்.

அதற்குள் ஏரோகிராம் நிறைந்துவிட்டது. வேறு எதுவும் எழுத இடமில்லை. ஓரத்தில் என் பெயரை மட்டும் எழுதி மடித்து ஒட்டினேன். பிறகு சைக்கிள் கடைக்காரரிடம் போய், அவள் பெயரை அவருக்கு இரண்டு தடவை சொன்னேன்.